இரண்டு மானிட்டரில் காணாமல் போகும் விண்டோ: படிப்படியாகக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

டாஸ்க்பாரில் ஐகான் இருக்கும். அதன் கீழே கோடும் எரியும். கிளிக் செய்தால் மட்டும் எதுவும் வராது. இல்லையென்றால் விண்டோ பாதி வந்து, மீதி திரைக்கு வெளியே தொங்கும். அதுவும் இல்லையென்றால் முழுசாக வந்தும் உள்ளே கறுப்பாக நிற்கும். கீழக்கரை ஜெராக்ஸ் கடை, இராமேஸ்வரம் லாட்ஜ் வரவேற்பறை, தொண்டி இ-சேவை மையம், மண்டபம் மீன் கம்பெனி பில்லிங் மேசை என்று வாடிக்கையாளர் பக்கம் ஒரு திரை திருப்பி வைத்திருக்கிற எல்லா இடத்திலும் இது நடக்கும். 'சிஸ்டம் ஹேங்' என்று பவர் பட்டனை அழுத்துவதும், விண்டோஸை மறுபடி போடுவதும் இதற்கு மருந்து ஆகாது. கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மாறும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

1. முதலில் எந்த வகை என்று பிரியுங்கள்

இதற்கு ஒரு நிமிடம் போதும். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் தேவையில்லாமல் கேபிளும் கிராபிக்ஸ் கார்டும் வாங்குகிறார்கள்.

டாஸ்க்பார் ஐகான் மேல் மவுஸை வையுங்கள். சின்னப் படம் ஒன்று எழும்பும். அதில் புரோகிராம் ஒழுங்காகத் தெரிந்தால் அது உயிரோடு இருக்கிறது, வரையவும் செய்கிறது, இருக்கும் இடம்தான் தப்பு. படி 2க்குப் போங்கள். சின்னப் படமே கறுப்பாகவோ வெள்ளையாகவோ இருந்தால் வரைவதில் கோளாறு. படி 6 உங்களுக்கு.

விண்டோ சரியான இடத்தில் இருக்கிறது, ஆனால் கோடு, புள்ளி, நிறம் மாறுதல் தெரிகிறது என்றால் பிரின்ட் ஸ்கிரீன் எடுத்து, அந்தப் படத்தை நன்றாக இருக்கும் இன்னொரு மானிட்டரில் திறந்து பாருங்கள். படத்திலும் கோடு இருந்தால் கோளாறு கம்ப்யூட்டருக்குள். படம் சுத்தமாக இருந்தால் வயரோ மானிட்டரோதான், படி 5. கோளாறு உள்ள திரையிலேயே படத்தைத் திறந்து 'கோடு இருக்கிறதே' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மவுஸ் அம்பு திரை ஓரத்தைத் தாண்டி எங்கோ போய் மறைகிறது என்றால், இல்லாத ஒரு திரை இருப்பதாக விண்டோஸ் நம்பிக்கொண்டிருக்கிறது. அதற்குப் படி 4.

2. ஆள் காத்திருக்கிறபோது: விண்டோவை உள்ளே இழுப்பது

இந்த வரிசையில் முயலுங்கள். ஒன்று பலித்தால் அடுத்தது வேண்டாம்.

முதலில் ஆல்ட் + டேப் அழுத்தி அந்த விண்டோவைத் தேர்ந்தெடுங்கள். பிறகு விண்டோஸ் கீ + ஷிஃப்ட் + இடது அம்பு. விண்டோ அப்படியே அடுத்த திரைக்குத் தாவும். வராவிட்டால் வலது அம்பு. இரண்டு திரை இணைந்திருப்பதாக விண்டோஸ் நினைக்கும்போதுதான் இது வேலை செய்யும்.

ஒரே திரைதான் என்றால் விண்டோஸ் கீ + மேல் அம்பு. அருகில் இருக்கும் திரையில் முழு அளவுக்கு விரியும்.

அதற்கும் மசியாத பழைய புரோகிராம்களுக்கு: ஆல்ட் + ஸ்பேஸ், பிறகு எம் எழுத்து, பிறகு ஏதாவது ஒரு அம்புக்குறியை ஒரே ஒரு முறை. இப்போது விண்டோ மவுஸோடு ஒட்டிக்கொள்ளும். மவுஸை நகர்த்தினால் வந்துவிடும், ஒரு கிளிக்கில் விடுங்கள். அம்புக்குறியை அழுத்தாமல் மவுஸை மட்டும் ஆட்டிவிட்டு 'வரவில்லை' என்பதுதான் பெரும்பாலும் நடப்பது. 'மூவ்' என்ற சொல் மங்கலாக இருந்தால் விண்டோ முழு அளவில் விரிந்தோ சுருங்கியோ கிடக்கிறது. ஆல்ட் + ஸ்பேஸ், ஆர் கொடுத்து ரீஸ்டோர் செய்துவிட்டு மறுபடி எம்.

கடைசியாக விண்டோஸ் கீ + பி (P). 'பிசி ஸ்கிரீன் ஒன்லி' வந்து நிற்கும்வரை விண்டோஸ் கீயை விடாமல் பி-யைத் தட்டி, என்டர் கொடுங்கள். எல்லாம் ஒரே திரைக்கு வந்துவிடும். டாஸ்க்பாரில் ரைட் கிளிக் செய்து 'கேஸ்கேட் விண்டோஸ்' கொடுக்கும் பழைய வழி விண்டோஸ் 10 வரைதான், 11இல் எடுத்துவிட்டார்கள்.

3. 'ஹேங்' போலத் தெரியும் டயலாக் பெட்டி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்த வேலை அழிந்துபோவது இங்கேதான். முக்கிய விண்டோ கண்முன் இருக்கும். எங்கே கிளிக் செய்தாலும் 'டிங்' என்று சத்தம் மட்டும் வரும். பிரின்ட் பெட்டியோ, சேவ் பெட்டியோ, 'ஆமா, இல்லையா' என்று கேட்கும் பெட்டியோ இன்னொரு திரையில், அல்லது திரையே இல்லாத இடத்தில், பதிலுக்குக் காத்திருக்கிறது. அப்போது டாஸ்க் மேனேஜரில் எண்ட் டாஸ்க் கொடுத்தால் சேமிக்காத ஆல்பமும் போச்சு, பாதி நிரப்பிய விண்ணப்பமும் போச்சு.

கீபோர்டு கவனம் அந்தப் பெட்டியிடம்தான் இருக்கும். ஆகவே ஆல்ட் + ஸ்பேஸ், எம், அம்புக்குறி என்று அதையே இழுத்து வரலாம். அவசரமென்றால் எஸ்கேப், பெரும்பாலான பெட்டிகளில் அது ரத்து என்றே பொருள். என்டர் மட்டும் வேண்டாம். 'மாற்றங்களைச் சேமிக்காமல் மூடவா?' என்ற கேள்விக்கு நீங்கள் ஆமாம் சொல்லியதாக ஆகிவிடலாம்.

4. திரைகளை அடுக்கும் முறை

செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே. மேலே எண் போட்ட பெட்டிகள் தெரியும். 'ஐடென்டிஃபை' கொடுத்தால் எந்தத் திரை எந்த எண் என்று திரையிலேயே பெரிதாகக் காட்டும்.

விண்டோஸ் எல்லாத் திரைகளையும் ஒரே பெரிய கட்டக் காகிதமாகப் பார்க்கிறது. முதன்மைத் திரையின் இடது மேல் மூலைதான் 0, 0. முதன்மைத் திரை 1920 புள்ளி அகலம் என்றால் வலப்பக்கத் திரையின் எண்கள் 1920இல் தொடங்கி ஏறும். இடப்பக்கம் வைத்த 1920 அகலத் திரைக்கோ எண்கள் -1920இல் தொடங்கும். இந்தக் கழித்தல் எண்களைப் பல பழைய புரோகிராம்கள் சரியாகப் படிப்பதில்லை. திருமணப் பத்திரிகை, நோட்டீஸ் போடும் அச்சகங்களில் இன்னமும் ஓடும் பேஜ்மேக்கர் 7 போன்றவை இரட்டைத் திரை பரவலாகும் முன்பே எழுதப்பட்டவை.

அதனால் எங்கள் யோசனை ஒன்றே: முதன்மைத் திரையை இடப்பக்கக் கடைசியில் வையுங்கள், மற்றவை எல்லாம் அதற்கு வலப்பக்கம். மேசையில் அப்படி வைக்க முடியாவிட்டால் இடப்பக்கத்தில் இருக்கிற மானிட்டரைக் கிளிக் செய்து 'மேக் திஸ் மை மெயின் டிஸ்ப்ளே' கொடுங்கள். பெட்டிகளின் மேல் விளிம்புகளையும் நேராக ஒட்டுங்கள். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால், இழுத்துப் போடும் விண்டோவின் தலைப்புப் பட்டை மேலே மறைந்து, பிடித்து இழுக்க இடமில்லாமல் போகும். தொல்லைகளில் பெரும்பங்கு இந்த ஒரு மாற்றத்திலேயே அடங்கிவிடும், செலவும் இல்லை.

லாட்ஜிலும் ஹாலிலும் டிவியை இரண்டாம் திரையாகப் போட்டிருப்பார்கள். டிவியை அணைத்தாலும், கேபிள் சேனலுக்கு மாற்றினாலும், எச்டிஎம்ஐ வயர் செருகியிருக்கிறவரை அது இருப்பதாகவே கம்ப்யூட்டர் பெரும்பாலும் நினைக்கும். புது விண்டோ அங்கே போய்த் திறக்கும். டிவி தேவைப்படாதபோது அந்தப் பெட்டியைத் தேர்ந்து 'டிஸ்கனெக்ட் திஸ் டிஸ்ப்ளே' என்று கொடுத்துவிடுங்கள். டிவியில் நாலு ஓரமும் கொஞ்சம் வெட்டுப்பட்டு டாஸ்க்பார் பாதி மறைந்தால் அது விண்டோஸின் குற்றம் இல்லை. டிவி படத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. டிவியின் பட அமைப்பில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும், அதைப் போடுங்கள்.

விண்டோஸ் 11இல் இதே பக்கத்தில் 'மல்டிபிள் டிஸ்ப்ளேஸ்' பகுதியில் இரண்டு டிக் உண்டு. மானிட்டர் இணைப்பைப் பொறுத்து விண்டோ இடத்தை நினைவில் வைத்தல், மானிட்டர் கழன்றால் விண்டோவைச் சுருக்குதல். கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் இரண்டாவதை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் விண்டோக்கள் சுருங்கிப் போனால் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் 'எல்லாம் மூடிப்போச்சு' என்று பயப்படுவார்கள்.

5. வயர், பின், கரண்ட்: கடலோரத்தில் இங்கேதான் அதிகம்

உள்ளூர் நிலைமை நேரடியாக விளையாடும் இடம் இது. மானிட்டர் தன் பெயர், அளவு, தாங்கும் ரெசல்யூஷன் (திரையில் எத்தனை புள்ளி என்பது) எல்லாவற்றையும் கேபிளின் சில பின்கள் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. விஜிஏ கேபிளில் 15 பின், அதில் 12ஆம் பின்னும் 15ஆம் பின்னும் இந்த வேலைக்கு. பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி பக்கம் உப்புக் காற்றில் அந்தப் பின்களில் களிம்பு ஏறினால் படம் வரும், அடையாளம் மட்டும் வராது. டிவைஸ் மேனேஜரில் (கம்ப்யூட்டரின் பாகங்களை விண்டோஸ் பட்டியலிடும் இடம்) மானிட்டர் பெயருக்குப் பதில் 'ஜெனரிக் நான் பிஎன்பி மானிட்டர்' என்று நிற்கும். ரெசல்யூஷன் 1024 × 768க்கு இறங்கும்.

இதற்கும் விண்டோ காணாமல் போவதற்கும் என்ன சம்பந்தம்? எந்த மானிட்டர் எந்தப் பக்கம் என்ற அடுக்கை விண்டோஸ் அந்த அடையாளத்தை வைத்துத்தான் நினைவில் வைக்கிறது. அடையாளம் வராத நாளில் அது வேறு மானிட்டர் ஆகிவிடுகிறது. அடுக்கு மாறுகிறது. நேற்று 2500ஆம் புள்ளியில் மூடிய பில்லிங் விண்டோ இன்று அதே எண்ணில் திறக்கும்போது அங்கே திரை இருப்பதில்லை. காலையில் கோளாறு, மத்தியானம் தானே சரி என்று மாறி மாறி வந்தால் முதலில் பின்னைச் சந்தேகப்படுங்கள்.

சுத்தம் செய்ய: கம்ப்யூட்டர், மானிட்டர் இரண்டையும் அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பின் பச்சையாகவோ மங்கியோ இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அல்லது எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் தெளித்து மென்மையான பிரஷால் துடையுங்கள். 15 நிமிடம் நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். ஊசியால் சுரண்டினால் மேல்பூச்சு போய், அடுத்த மாதமே இன்னும் மோசமாகத் துருப்பிடிக்கும். விஜிஏயின் இரு பக்கத் திருகையும் இறுக்குங்கள். எச்டிஎம்ஐயில் திருகு இல்லை, கேபிளின் பாரம் சாக்கெட்டில் தொங்காதபடி மேசையில் கட்டுங்கள்.

அடுத்து கரண்ட். கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில், இரண்டாம் மானிட்டர் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் என்று இருந்தால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் அந்த மானிட்டர் கழன்று மாட்டியதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இது இன்னும் வெளிப்படை, மானிட்டர் பட்டனை அணைத்தாலே விண்டோக்கள் மற்றத் திரைக்கு ஓடிவிடும். இரண்டு மானிட்டரையும் அதே யுபிஎஸ்ஸில் போடுங்கள். 22 அங்குல எல்இடி மானிட்டர் ஒன்று பொதுவாக 20 முதல் 30 வாட்தான் எடுக்கும், வழக்கமான 600 விஏ யுபிஎஸ் இரண்டைத் தாங்கும். லேசர் பிரின்டரை மட்டும் அதில் செருகாதீர்கள்.

வாங்கும்போது இரண்டு பொறிகள். எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் ஒரே படத்தை இரண்டு திரையில் காட்டும், திரையை நீட்டாது. இரண்டாம் திரை வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் இரண்டாம் போர்ட் வேண்டும். இன்னொன்று கன்வெர்ட்டரின் திசை. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏ, விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐ இரண்டும் வேறு வேறு பொருள். ஒன்றைத் திருப்பிச் செருகினால் மற்றது ஆகாது. கம்ப்யூட்டர் பக்கம் என்ன போர்ட், மானிட்டர் பக்கம் என்ன போர்ட் என்று போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

6. உள்ளே வந்தும் வரையாத விண்டோ

முதல் மருந்து விண்டோஸ் கீ + கன்ட்ரோல் + ஷிஃப்ட் + பி (இது B, படி 2இல் வந்த P அல்ல). திரை ஒரு கணம் கறுத்து மீளும், கிராபிக்ஸ் டிரைவர் (திரையில் படம் வரைவதை நடத்தும் மென்பொருள்) புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் வேலை பொதுவாகப் போகாது.

அதற்குப் பிறகும் இருந்தால் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் பெயரைப் பாருங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் சரியான டிரைவரே போடப்படவில்லை. இன்டெல், என்விடியா, ஏஎம்டி யாருடையதோ அவர்கள் தளத்திலிருந்தோ, லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தோ இறக்குங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்ற பெயரில் வரும் இலவசப் புரோகிராம்களைத் தொடவே வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டு தனியாக உள்ள ஸ்டுடியோ கம்ப்யூட்டர்களில் ஒரு மானிட்டர் கார்டிலும் இன்னொன்று மதர்போர்டிலும் செருகியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். ஒரு திரையிலிருந்து மறு திரைக்கு விண்டோவை இழுக்கும்போது வீடியோ திணறும், முன்னோட்டம் கறுக்கும். இரண்டையும் கார்டுக்கே மாற்றுங்கள்.

குரோம் மட்டும் கறுத்தால் அதன் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் கிராபிக்ஸ் ஆக்ஸிலரேஷனை நிறுத்தி மறுபடி திறந்து பாருங்கள். எழுத்து மங்கி, பட்டன்கள் விண்டோவை விட்டு வெளியே போனால் ஸ்கேலிங் (எழுத்தையும் பட்டனையும் பெரிதாக்கிக் காட்டும் அளவு) காரணம்: லேப்டாப் 125 அல்லது 150 சதவீதத்தில், வெளி மானிட்டர் 100இல் இருக்கும். புரோகிராம் ஐகானில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. கீழே உள்ள டிக்கைப் போட்டு 'சிஸ்டம்' தேர்ந்தெடுங்கள். மங்கல் கொஞ்சம் இருக்கும், பட்டன் உள்ளே வந்துவிடும். இரண்டு திரையிலும் ஒரே சதவீதம் வைக்க முடிந்தால் அதுவே மேல்.

7. புரோகிராமின் பழைய நினைவைத் துடைப்பது

தினமும் இழுத்து வந்தும் மறுநாள் அதே புரோகிராம் வெளியே போய்த் திறந்தால், அது கடைசி இடத்தை எங்கோ எழுதி வைத்திருக்கிறது. போட்டோஷாப்பில் பேனல்கள் காணாமல் போனால் விண்டோ மெனு, வொர்க்ஸ்பேஸ், ரீசெட். மற்றவற்றில் ஆப்டேட்டா ஃபோல்டரில் உள்ள செட்டிங் கோப்பிலோ ரெஜிஸ்ட்ரியிலோ (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம்) லெஃப்ட், டாப் என்ற பெயரில் எண் இருக்கும். அந்த எண் -32000 என்று இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது: சுருங்கிய விண்டோவை விண்டோஸ் அந்த இடத்தில்தான் வைக்கும், புரோகிராம் சுருங்கிய நிலையில் மூடும்போது அதையே எழுதிவிட்டது. புரோகிராமை மூடிவிட்டு, கோப்பை நகல் எடுத்துவிட்டு, எண்ணை 100, 100 என்று மாற்றுங்கள். நகல் எடுக்காமல் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்காதீர்கள்.

8. பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பவர்களுக்கு

மீன் ஏலக் கணக்கு, லாட்ஜ் ரூம் பதிவு என்று சி ஷார்ப், விபி டாட் நெட்டில் எழுதிக் கொடுக்கிறவர்கள் நிறைய. நாலு விஷயம் பார்த்தால் பாதி சர்வீஸ் கால் குறையும்.

ஃபார்ம் மூடும்போது 'லொகேஷன்' மதிப்பை அப்படியே எழுதாதீர்கள். சுருங்கியோ விரிந்தோ இருந்தால் 'ரீஸ்டோர்பவுண்ட்ஸ்' எடுங்கள். திறக்கும்போது அந்தச் செவ்வகம் 'ஸ்கிரீன்.ஆல்ஸ்கிரீன்ஸ்' பட்டியலில் ஏதாவது ஒரு திரையின் 'வொர்க்கிங்ஏரியா'வை வெட்டுகிறதா பாருங்கள். தலைப்புப் பட்டை தெரிகிறதா என்பதுதான் முக்கியம். இல்லையென்றால் முதன்மைத் திரையின் நடுவில் வையுங்கள்.

மவுஸ் இடத்தை லோவேர்ட் வைத்து எடுக்கும் பழைய நிரல் -100ஐ 65436 என்று படிக்கும். ரைட் கிளிக் மெனு இடப்பக்கத் திரையில் மட்டும் வராமல் போவது இதனால்தான். 'கெட் எக்ஸ் எல்பாராம்' பயன்படுத்துங்கள்.

ரசீதைத் திரையிலிருந்து 'காப்பிஃபிரம்ஸ்கிரீன்' மூலம் படம் பிடித்து அச்சடிக்காதீர்கள். திரைக்கு வெளியே தொங்கும் பகுதி ரசீதில் கறுப்பாக விழும். 'டிராடுபிட்மேப்' அல்லது நேராக பிரின்ட் டாக்குமென்டில் வரையுங்கள். ஃபார்மில் வரைவதையும் பெயின்ட் நிகழ்வுக்குள்ளேயே வையுங்கள். 'கிரியேட்கிராபிக்ஸ்' கொண்டு வெளியே வரைந்தது உங்கள் மேசையில் நிற்கும், வாடிக்கையாளர் விண்டோவைச் சுருக்கி விரித்ததும் அழியும்.

சோதிக்க இரண்டாம் மானிட்டர் இல்லையா? மானிட்டர் இருப்பதாகக் கம்ப்யூட்டரை நம்பவைக்கும் எச்டிஎம்ஐ டம்மி பிளக் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை இடப்பக்கத் திரையாக வைத்து, ஃபார்மை அங்கே நகர்த்தி மூடி, பிளக்கைப் பிடுங்கி, மறுபடி திறந்து பாருங்கள்.

9. செலவு, தாள்கள், நேரம்

படி 1 முதல் 4 வரை காசே வேண்டாம். ஒன்றரை மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் சுமார் 150 முதல் 300 ரூபாய், கன்வெர்ட்டர் 250 முதல் 500, கான்டாக்ட் கிளீனர் டப்பா 250 முதல் 400 என்று கடைக்குக் கடை மாறும். கேபிளை மாற்றிப் பார்ப்பதற்குமுன் கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்கிறவரிடம் படி 1இல் எடுத்த பிரின்ட் ஸ்கிரீனைக் காட்டிக் காரணம் கேளுங்கள்.

மானிட்டருக்குப் பெரும்பாலும் 3 ஆண்டு வாரண்டி உண்டு. ஜிஎஸ்டி பில், மானிட்டர் முதுகில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணின் போட்டோ, கோளாறு தெரியும் சின்ன வீடியோ மூன்றையும் போனில் தனி ஃபோல்டரில் வையுங்கள். தெர்மல் தாளில் வந்த பில் சில மாதத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். துரு, ஈரம் இரண்டையும் பல வாரண்டிச் சீட்டுகள் விலக்கிவைக்கின்றன. பச்சை ஏறிய பின்னோடு சர்வீஸ் சென்டருக்குப் போனால் பதில் என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கேபிள் பின்களைத் துடைப்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள், கடலுக்கு மிக அருகில் என்றால் மாதம் ஒருமுறை. டிரைவர் மாற்றுவதைக் கடை அடைத்த பிறகு செய்யுங்கள். பல நூறு எம்பி இறங்க வேண்டும், ரீஸ்டார்ட்டும் ஆகும், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இராமேஸ்வரத்தில் தை அமாவாசை, ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் டிரைவரையோ விண்டோஸ் அப்டேட்டையோ தொடாதீர்கள். அன்று ஏதாவது ஆனால் விண்டோஸ் கீ + பி (P) போட்டு ஒரே திரையில் ஓட்டிவிட்டு, கூட்டம் கலைந்த பிறகு படி 1இலிருந்து தொடங்கலாம்.